பதினைந்தாம் மனையும் இருபத்திரண்டாம் கல்லும்

யாராவது மனைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போவேன். விலை, பெயர், தேதி எல்லாம் அப்புறம். கடைசிப் பக்கத்தில் அந்த மனைக்கு நான்கு திசையிலும் என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். செக்குபந்தி என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் பட்டா இன்னும் பழைய ஆள் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்றில் சர்வே எண் தப்பாக விழுந்திருக்கிறது, தாய்ப்பத்திரத்தைக் காணோம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதற்கெல்லாம் வழி உண்டு. நாலு நடை நடந்தால் தீரும்.

"அது கிடக்கட்டும், மனைக்குப் போய்ப் பார்த்தீர்களா? எந்த மனையில் போய் நின்றீர்கள்?" என்று கேட்பேன்.

சிரிப்பார்கள். நாங்களும் ஒன்பது வருஷம் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பூர்வீகம் வேடந்தாங்கல் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் ஏர் ஓட்டியவர். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மழை பொய்த்த ஒரு வருஷம் மாட்டை விற்றுவிட்டு, கடன் போட்டு ஒரு மினி லாரி வாங்கி, கடற்கரைப் பக்கம் வந்துவிட்டார். அப்போது அணுசக்தி நகரியத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல், மணல், ஜல்லி என்று லாரிக்கு ஓய்வே கிடையாது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே தண்ணீர் வாயில் வைக்க முடியாது. உப்பு. அம்மா அந்த வீட்டில் சோப்புப் போட்டால் நுரையே வராது.

தினமும் ஊரார் வீட்டுக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு நாள் தோன்றாமல் இருக்குமா? தொண்ணூறுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மனை வியாபாரக் கம்பெனிக்காரர்கள் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். போகவர இலவசம், மத்தியானத்துக்கு சாம்பார் சாதம், தயிர் சாதம். நைனாவும் அம்மாவும் நானும் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே உள்ளே போகும் ஒரு பொட்டல். கலர்க்கொடி கட்டியிருந்தார்கள். நாங்கள் பார்த்துப் பிடித்த மனையை எங்களுக்கு முன்னால் ஒருவர் எழுதிவிட்டார். "பதினைஞ்சாம் நம்பர் காலியா இருக்கு சார், ரெண்டாவது வரிசை" என்றார்கள். சரி என்றோம். வேன் கிளம்பிவிட்டதால் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

தவணை கட்டி முடித்துப் பத்திரமும் பதிந்தாயிற்று. அடுத்த முறை மனையைக் காட்டச் சொல்லிப் போனபோது அந்தக் கம்பெனி ஆபீசில் பூட்டுத் தொங்கியது. கையில் இருந்தது பத்திரமும், அதோடு தைத்திருந்த மனைப் பிரிவுப் படத்தின் ஜெராக்ஸ் நகலும்தான். நீலப் படத்தை ஜெராக்ஸ் எடுத்தால் எப்படி வரும்? முதல் வரிசை நன்றாக இருந்தது. மேற்கே ஒன்று என்று தொடங்கிக் கிழக்கே சாலைப் பக்கம் பன்னிரண்டு என்று முடிந்தது. இரண்டாவது வரிசையிலிருந்து ஒரே கறுப்பு. கோடுகள் தெரிந்தன, எண்கள் தெரியவில்லை.

நைனாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். படத்தை என்னிடம் நீட்டினார். நான் அப்போது பிளஸ் டூ.

"நீதானே படிச்சவன். எது நம்மளுதுன்னு பாத்து சொல்லு."

எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவனுக்கு இதைவிடப் பெருமை எது? வெள்ளைத் தாளில் அந்தப் படத்தை அளவு பார்த்துப் பெரிதாக வரைந்தேன். முதல் வரிசைக்கு ஒன்று முதல் பன்னிரண்டு. இரண்டாவது வரிசைக்கு மறுபடியும் இடது ஓரத்துக்கு வந்து, பதின்மூன்று, பதினாலு, பதினைந்து. நோட்டில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரியை எங்கே தொடங்குவோமோ அங்கேயே தொடங்கினேன். பதினைந்துக்கு மட்டும் சிவப்பு மசியில் கட்டம் போட்டேன். மேற்கிலிருந்து மூன்றாவது மனை.

போய் நின்றோம். கற்களில் பாதி குப்புறச் சாய்ந்து கிடந்தது, பாதியை மண் மூடியிருந்தது, பூசிய எண்ணெல்லாம் இரண்டு மழையில் கரைந்துபோயிருந்தது. அம்மா கற்பூரம் ஏற்றினாள். நைனா கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி நல்லா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. லாரிக்கு லோடு இல்லாத நாட்களில் அவரே கிணறு வெட்டி, சிமெண்ட் உறை இறக்கினார். பதினாலு அடியில் தண்ணீர். முதல் வாளியை அம்மா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். இன்னொரு வாளி இழுத்தாள். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை துணி மூட்டையோடு லாரியில் ஏறிவிடுவாள். மனை மூலையில் அப்படிச் சாய்ந்து கிடந்த ஒரு கல்லை நைனா உருட்டி வந்து கிணற்றடியில் போட்டார். வழுவழுப்பான பக்கம் மேலே. துவைக்க அதைவிட நல்ல கல் கிடையாது. அம்மா துவைப்பாள், நைனா லாரியைக் கழுவுவார், நான் இரண்டு தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். வீடு இல்லாமலே அந்த மனையில் நாங்கள் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குள் நான் பட்டம் முடித்து, கூடுவாஞ்சேரியில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்திருந்தேன். கடற்கரைச் சாலை அகலமாகி, பஸ்ஸும் காருமாகப் பறக்க ஆரம்பித்தது. தை பிறந்ததும் வாஸ்து பூஜை செய்து வீட்டைத் தொடங்கிவிடலாம் என்று முடிவாயிற்று. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கிணறு தெரிய வேண்டும்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைனா முதல் லோடு செங்கல்லை இறக்கிக்கொண்டிருந்தார். மொபெட்டில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பின்னால் ஆட்டோவில் அவர் மனைவியும், தோளில் அளவுச் சங்கிலி போட்ட ஒரு சர்வேயரும். பெரியவர் நகரிய ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெறப்போகிறவர், திருநெல்வேலிக்காரர். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, அவர் எங்கள் செங்கல்லை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான்.

"யாரு இங்க வீடு கெட்டுதாவ?" என்றார்.

"நாங்கதான் சார்" என்றேன்.

"நல்லது. எங்க மனையில கெட்டுதீயளே, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

நைனா செங்கல்லை வைத்துவிட்டு வந்தார். "இன்னா சார் சொல்ற? ஒம்பது வருசமா இங்கதான் கீறோம். இது பதினைஞ்சாம் நம்பரு."

"இது இருவத்திரண்டு" என்றார் பெரியவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். அசல் நீலப்படம். அதில் இரண்டாவது வரிசை பளிச்சென்று தெரிந்தது. கிழக்கே, பன்னிரண்டாம் மனைக்கு நேர் கீழே பதின்மூன்று தொடங்கியது. அங்கிருந்து பதினாலு, பதினைந்து என்று மேற்கே நடந்து, இந்த ஓரத்தில் இருபத்து நாலில் முடிந்தது.

நைனா ஒப்பவில்லை. "படம் ஆயிரம் வரையலாம் சார். கல்லு எங்க? கல்ல காட்டு."

சர்வேயர் மூலைக்கு மூலை மண்வெட்டியால் கிளறினார். மூன்று மூலையில் சிறு கற்கள் கிடைத்தன. எண் போட்ட முகப்புக் கல்லை மட்டும் காணோம். பெரியவர் கிணற்றடியில் அம்மா துவைத்துக்கொண்டிருந்த கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, அந்தத் துணியைக் கொஞ்சம் எடுங்க. தம்பி, கடப்பாரை இருக்கா?"

நைனாவே நெம்பினார். கல் புரண்டது. அடிப்பக்கத்தில் மண் ஒட்டியிருந்தது. அம்மா கையிலிருந்த ஈரத்துணியால் துடைத்தாள். வர்ணம் போயிருந்தது. உளியால் கொத்திய எண் போகவில்லை. 22.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் தெரியும். "ரெண்டு ரெண்டு" என்றாள் மெதுவாக.

பெரியவர் எங்கள் படத்தைக் கேட்டார். நான் வரைந்ததைக் கொடுத்தேன். "நல்லா முத்துமுத்தா எழுதிருக்கே. யாரு எழுதினது?"

ஜெராக்ஸ் சரியில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் பத்திரத்தின் கடைசிப் பக்கம் என் கண் முன்னால் வந்து நின்றது. 'பதினாலாம் மனைக்கு மேற்கு, பதினாறாம் மனைக்குக் கிழக்கு' என்று அதில் எழுதியிருந்ததை எத்தனை தடவை சத்தமாக வாசித்திருக்கிறேன்! பதினைந்து பதினாலுக்கு மேற்கே இருக்க வேண்டும். என் படத்தில் அது கிழக்கே இருந்தது. வாசித்தேனே தவிர, ஒரு தடவைகூடத் திசை பார்க்கவில்லை.

"நான்தான் சார். தப்பு என்னுதுதான்" என்றேன்.

நைனா அசல் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவரிடம் எண்களை விரலால் வரிசையாகக் காட்டச் சொன்னார். பெரியவர் விரல் கிழக்கே போய், திரும்பி மேற்கே வந்தது.

"அட, ஏர் ஓட்டிகினு போற மாதிரி போய்த் திரும்பிக்கீது" என்றார் நைனா. "இத மொதல்ல எவனாவது என்கிட்ட சொல்லியிருந்தா நானே எண்ணியிருப்பேன். இவன் நோட்டுல எழுதற மாதிரி எழுதிட்டான். இவன் எங்க ஏர் புடிச்சான்?"

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று பெரியவர் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. போகும்போது, "எம் மனையில கெணறு வெட்டி, தென்னை வச்சு, செங்கலும் இறக்கிக் குடுத்திருக்கீய. சொந்தக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்றார். அது கேலியா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. அவர் மனைவி மட்டும் கிணற்றடியில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "இனிக்குதே" என்றார்.

சேதி டீக்கடைக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. அங்கே மனைத் தரகு பார்க்கும் ஒருவர் நைனாவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாத்த, இதுக்குப் போய் பேஜார் ஆவாத. இன்னும் மூணு வருசம் கேசு போட்டு இழுத்துட்டேன்னு வையி, பன்னண்டு வருசம் ஆயிடும். பன்னண்டு வருசம் ஆண்டு அனுபவிச்சவனுக்குத்தான் மனைன்னு சட்டமே கீது. கெணறு கீது, மரம் கீது, சாட்சி நாங்க கீறோம்."

நைனா டீயை முடித்துவிட்டு, "அப்ப அந்தாண்ட சும்மா கெடக்கிற என் மனைய எவனாவது ஆண்டுகினு இருந்தா அதுவும் அவனுக்கா?" என்று கேட்டார்.

"அது வேற அண்ணாத்த."

"இன்னா வேற?"

நைனாவும் நானும் நேரே அங்கிருந்து எங்கள் உண்மையான மனையைப் பார்க்கப் போனோம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக. சாலையிலிருந்து மூன்றாவது. பஸ் போவது தெரிந்தது. நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது, வேறு வில்லங்கம் ஒன்றும் இல்லை. எனக்குள்ளே இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். சாலை ஓரம் என்பதால் இதன் விலை அதைவிட அதிகம். "நைனா, நமக்கு லாபம்தான் இது" என்றேன்.

நைனா குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு" என்றார். "உங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவ?"

அம்மா அந்த வாரம் முழுக்கச் சதுரங்கப்பட்டினத்து உப்புத் தண்ணீரிலேயே துணி துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லாரி கிளம்பும்போது மூட்டையோடு வந்து நிற்கவில்லை. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வாளித் தண்ணீரில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நுரை வரவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நகரியத்துக்குப் போய்ப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மனையை மனைக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுடையது சாலைப் பக்கம். விலை வித்தியாசம் எதுவும் கேட்கமாட்டோம். பத்திரச் செலவும் எங்களுடையது. பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று போடலாம் என்பதைக் கடை முதலாளியின் வக்கீலிடம் கேட்டு வைத்திருந்தேன். பெரியவர் கேட்டுக்கொண்டார்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? மனை அவ பேர்ல இருக்கு" என்று அடுப்படிப் பக்கம் கை காட்டினார்.

அம்மையார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எய்யா, ரோட்டுக்குப் பக்கம்னா எனக்கு நல்லதுதான். அம்புட்டு தூரம் சகதியில நடந்து போயி பஸ் ஏற என்னால ஏலாது. இவுஹளுக்கு மொபெட் இருக்கு, எனக்கு என்ன இருக்கு? ஆனா ஒண்ணு. அந்தத் தண்ணியக் குடிச்சுட்டேன். அதுலருந்து அந்த ருசி நாக்குலயே நிக்கி. ரோட்டுப் பக்கம் அந்தத் தண்ணி கெடைக்குமா?"

என் தாளில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. உப்பு என்று உண்மையைச் சொன்னேன். அம்மையார் யோசிக்கிறேன் என்றார். முடியாது என்று சொல்வதற்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் வார்த்தை அது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதுக்கா தல கவுந்துகினு வந்த? கெணத்துல பாத்தியம் எழுதிக் குடுத்துட்டாப் போச்சு" என்றார்.

எங்கள் ஊரில் நிலம் விற்றால் கிணற்றையும் சேர்த்து எழுதுவார்கள். ஒரு கிணற்றில் நாலு பேருக்குப் பங்கு இருக்கும். யார் எந்த நாள் இறைக்கலாம் என்பதுகூடப் பத்திரத்தில் வந்துவிடும். கிரவுண்டு கணக்கில் விற்கிற மனைக்கு அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நைனாவுக்கு மனையும் வயலும் வேறு வேறாகத் தோன்றவில்லை.

அம்மையாருக்கு இது பிடித்துப்போயிற்று. "தெனம் ரெண்டு கொடம். கேட்டு வாங்கமாட்டேன், எம் பாட்டுக்கு எடுப்பேன்" என்றார். "எடுத்துக்கோங்க" என்றாள் அம்மா. அந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் அதற்குமேல் பேச்சே தேவைப்படவில்லை.

பத்திரம் எழுதுபவர்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாய்யா இது? பிளாட்டுக்கு எவன் கெணத்துப் பாத்தியம் எழுதறான்? நாளைக்கு வித்தா வாங்கறவன் சண்டைக்கு வருவான்."

"விக்கறதுக்கா வாங்கனோம்?" என்றார் நைனா. "எழுது."

எழுதினார். செக்குபந்தியை இந்தத் தடவை நான் சத்தமாக வாசிக்கவில்லை. பதிவுக்கு முன்பே சர்வேயரோடு இரண்டு மனைக்கும் நடந்துபோய், ஒவ்வொரு திசையிலும் நின்று விரல் வைத்துப் படித்தேன். பெரியவர் பின்னாலேயே வந்து, "தம்பி, சூரியன் இன்னும் கெழக்கதான் உதிக்கி. அதையும் ஒருக்கா சரிபாத்துக்கோ" என்றார். அன்று அந்தக் கேலி எனக்கு நன்றாகப் புரிந்தது.

தையில் நடக்க வேண்டியது வைகாசிக்குப் போயிற்று. அவ்வளவுதான் நஷ்டம். இரண்டு வீடும் ஒரே சமயத்தில் எழும்பின. இரண்டுக்கும் செங்கல் நைனாவின் லாரியில்தான் வந்தது. அம்மாவின் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கிணறு தெரிகிறது. எண் கல்லை மறுபடி மூலையில் நட வேண்டும் என்று நான் சொன்னதற்கு அம்மா ஒப்பவில்லை. "வேற கல்லு நடு. எனக்குத் துவைக்க இது வோணும்" என்றாள். அதனால் மூலையில் ஒரு புதுக்கல் நிற்கிறது. பழைய கல் எண்ணை அடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் கிடக்கிறது.

வேறு சிலருக்கும் இப்படி இடம் மாறியிருந்தது தெரிந்து, அந்த மனைப் பிரிவிலிருந்து ஒவ்வொருவராகப் படத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். மேற்கு ஓரத்திலிருந்து எண்ணியவன் நான் ஒருவனல்ல என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல். விடுமுறை நாட்களில் அவர்களோடு போய் மனையில் நின்று திசை பார்த்துச் சொல்கிறேன். முதலாளியின் வக்கீலிடமும் இரண்டு பேரை அனுப்பி வைத்தேன்.

போன வருஷம் பஞ்சாயத்துக் குழாய் எங்கள் தெருவுக்கு வந்தது. பெரியவர் வீட்டு வாசலிலேயே ஒரு குழாய். நல்ல தண்ணீர்தான். இனி அம்மையார் வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்.

"அம்மா, உங்க வாசல்லயே குழாய் இருக்குதே" என்றேன்.

"இருக்கட்டும்யா" என்றார். "பத்திரத்துல எழுதிருக்குல்லா?"

அம்மா அடுப்படி ஜன்னல் வழியே, "மொத கொடத்த நீ எடு, ரெண்டாவத நான் எடுத்துத் தரேன். அப்புறமா நாஸ்தா துன்னுட்டுப் போ" என்றாள். அம்மையார் கயிற்றைப் பிடித்தார்.